பில் போடும் கை: அரசுக் கட்டுமானத்தில் நியாயக் கூலியும் தொழிற்பழக்கமும்

(விருதுநகரில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



விருதுநகரில் மேடை ஏறுகிறவர் காமராசரைச் சொல்லாமல் இறங்க முடியாது. நானும் சொல்வேன். ஆனால் அவர் கட்டிய அணைகளை விட்டுவிடுகிறேன். அவர் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்வேன். அதற்குக் கொஞ்சம் நேரம் இருக்கிறது.

இந்த ஊர் அரசு மருத்துவக் கல்லூரிக்கு 2020 மார்ச் 1ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 2022 ஜனவரி 12ஆம் தேதி, தமிழ்நாட்டின் வேறு பத்துக் கல்லூரிகளோடு சேர்த்து, பிரதமர் காணொலி வழியாகத் திறந்துவைத்தார். பதினொன்றுக்கும் சேர்த்து மதிப்பீடு சுமார் 4,000 கோடி ரூபாய். அதில் ஏறத்தாழ 2,145 கோடி நடுவண் அரசின் பங்கு. நடுவில் கொரோனா வந்தது, ஊரடங்கு வந்தது, வெளிமாநில ஆட்கள் ஊர் திரும்பினார்கள், பிறகு மறுபடி வந்தார்கள். இரண்டு ஆண்டுக்குள் இவ்வளவு பெரிய வளாகத்தை எழுப்பியது சாதனைதான். பொதுப்பணித் துறையில் தலை நரைத்தவன் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் கொஞ்சம் பங்கு கேட்பேன்.

ஆனால் அந்தக் கட்டடம் முடிந்தபோது இந்த மாவட்டத்தில் எத்தனை சித்தாள் கொத்தனார் ஆனார்கள்? எத்தனை கையாள் கம்பி கட்டப் பழகினார்கள்? எத்தனை பையன்கள் பிளம்பிங் கற்றுக்கொண்டு சான்றிதழோடு வெளியே போனார்கள்? இந்தக் கேள்விக்கு யாரிடமும் பதில் கிடையாது. யாரையும் குற்றம் சொல்லவில்லை. பதில் எழுதுவதற்கு நம் பதிவேடுகளில் பத்தியே இல்லை என்கிறேன்.

பொறியாளர்கள் எம்-புக் என்று சொல்லும் அளவுப் புத்தகத்தைப் பற்றி வெளியாருக்கு ஒரு வார்த்தை. அரசு வேலையில் நடக்கும் ஒவ்வொன்றும் அதில் ஏறவேண்டும். எத்தனை கன மீட்டர் கான்கிரீட், எத்தனை கிலோ கம்பி, எத்தனை சதுர மீட்டர் பூச்சு என்று இளநிலைப் பொறியாளர் அளந்து எழுதுவார்; மேலே இருப்பவர் சரிபார்ப்பார்; அதன் மேல்தான் பில் போடுவார்கள். அந்தப் புத்தகத்தில் இல்லாதது அரசாங்கத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. அதில் சிமெண்டு இருக்கிறது, செங்கல் இருக்கிறது, ஜல்லி இருக்கிறது. ஆள் இல்லை. கூலி, கான்கிரீட்டின் விலைக்குள் கரைந்துவிடுகிறது. ஒரு கன மீட்டருக்கு எத்தனை கொத்தனார், எத்தனை மஸ்தூர் (கூலியாள்) என்று மதிப்பீடு போடும்போது துறை கணக்குப் பார்க்கிறது. டெண்டர் விட்ட மறுநாள் அந்தக் கணக்கை மறந்துவிடுகிறது.

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1982இல் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக மேம்பாலங்களும் அரங்குகளும் கட்டினார்கள். எல்லாம் அரசு வேலை. நாள் ஒன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர் அதை நேரடியாகத் தொழிலாளியிடம் தரவில்லை. ஆள் பிடித்துவந்த ஜமாதாரிடம் தந்தார். ஜமாதார் ஒரு ரூபாயைக் கமிஷனாக எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசைக் கொடுத்தார். ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் இதை உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதமாக எழுத, நீதிபதி பகவதி அதையே மனுவாக ஏற்று விசாரித்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த தீர்ப்பு, குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஆளை வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று சொன்னது. கட்டுமானம் ஆபத்தான தொழில், அதில் 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை வைக்கக் கூடாது என்றது. எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது விஷயம். ஒப்பந்தக்காரர் செய்த தப்புக்கு நான் என்ன செய்வேன் என்று அரசு கையை உதற முடியாது. வேலையின் சொந்தக்காரன் என்ற முறையில் சட்டத்தை அமல்படுத்தும் கடமை அரசுக்கே உண்டு என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அந்த ஒரு ரூபாயை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் சிவகாசிப் பக்கம் அதற்குப் பெயர் உள்குத்தகை.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ நாற்பது பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12ஆம் தேதி சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். இரண்டிலும் விபத்துக்குப் பிறகு ஊர் பேசியது உள்குத்தகையைப் பற்றித்தான். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகளைப் பிரித்து வேறு ஆட்களுக்கு விட்டிருப்பார்கள். விட்டவர் வாடகையைப் பார்ப்பார். எடுத்தவர் தீபாவளிக்குள் எவ்வளவு சரக்கு முடியும் என்று பார்ப்பார். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது, அறைக்கு வெளியே மரத்தடியில் மருந்து செலுத்தக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. அதைக் காக்க வேண்டியவர் போர்மேன். அவர் யாருடைய ஆள்? உரிமக்காரருடையவரா, குத்தகைக்காரருடையவரா? அந்த மங்கலில்தான் ஆள் சாகிறான்.

கட்டுமானத்தில் இதே சங்கிலி வேறு பெயரில் ஓடுகிறது. டெண்டர் எடுத்தவர் பெரிய நிறுவனம். சிவில் வேலையைச் சதுர அடி ரேட்டுக்கு ஒருவர், சென்ட்ரிங் ஒருவர், கம்பி ஒருவர், ஓடு பதிப்பது ஒருவர் என்று பிரிக்கிறார். அவர்களுக்குக் கீழே மேஸ்திரி. மேஸ்திரிக்குக் கீழே முன்பணம் வாங்கிக்கொண்டு வந்த குழு. சாரம் சரிந்தால் மருத்துவமனைச் செலவு யார் தலையில் என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார். 2014 ஜூனில் சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, அவர்களில் பலர் ஆந்திரத்தின் வட கோடி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அது தனியார் கட்டடம். ஆனாலும் பெயர்ப் பட்டியல் தயாரிக்க அரசு பட்ட பாடு, ஆள் பதிவேடு என்ற ஒன்று எதற்கு வேண்டும் என்பதைக் காட்டியது.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் இரண்டுக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நான் இன்று சொல்ல வந்ததே அதுதான். பட்டாசுத் தொழிலில் அரசு உரிமம் கொடுப்பவர். சரக்கு வாங்குபவர் யாரோ. அதிகாரி என்றைக்காவது ஜீப்பில் வந்து பார்க்க வேண்டும். வருகிறார் என்று தெரிந்தால் மரத்தடி காலியாகிவிடும். அரசுக் கட்டுமானத்தில் அரசே வாங்குபவர். பணப்பை அரசின் கையில். ஒப்பந்தக்காரர் மாதா மாதம் நம் மேசைக்கு வந்து நின்றாக வேண்டும். உரிமம் கொடுக்கிற கையைவிடப் பில் போடுகிற கைக்கு வலு அதிகம். அந்த வலுவைக் கான்கிரீட்டின் தரத்துக்காகப் பயன்படுத்துகிறோம். கனசதுரத்தைச் சோதனைக்கு அனுப்பி, தாங்கவில்லையென்றால் பணத்தைப் பிடிக்கிறோம். கூலிக்காக ஒருமுறையாவது அப்படிப் பிடித்திருக்கிறோமா?

சட்டத்தில் இடமில்லாமல் இல்லை. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1891லேயே அரசு ஒப்பந்தங்களுக்கு நியாயக் கூலித் தீர்மானம் போட்டது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 94ஆம் உடன்படிக்கை 1949இல் வந்தது. அரசு வேலையில் அந்த வட்டாரத்தில் அதே தொழிலுக்கு நிலவும் கூலிக்குக் குறையாமல் தர வேண்டும், தராவிட்டால் ஒப்பந்தப் பணத்திலிருந்து பிடித்துத் தொழிலாளிக்குத் தர ஏற்பாடு வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா அதை இன்றுவரை ஏற்று உறுதி செய்யவில்லை. ஆனால் மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளைப் புரட்டினால் நியாயக் கூலி விதி இருக்கிறது. துணை ஒப்பந்தக்காரரின் ஆட்களுக்கும் அது பொருந்தும். குறைந்த கூலியைப் பொறியாளர் பில்லில் பிடித்து ஈடுகட்டலாம் என்றும் இருக்கிறது. கையெழுத்து வாங்கும்போது யாரும் படிக்காத பக்கங்களில் அது ஒன்று.

இனி டெண்டர் கணக்கு. உதாரணத்துக்கு, நூறு ரூபாய் மதிப்பீட்டில் முப்பது ரூபாய் கூலி என்று வையுங்கள். ஒப்பந்தக்காரர் பத்து சதவீதம் குறைத்துப் போட்டு வேலையை எடுக்கிறார். அந்தப் பத்து ரூபாயை எங்கிருந்து எடுப்பார்? சிமெண்டு கம்பெனி அவருக்காக விலையைக் குறைக்காது. கம்பி விலை சந்தை விலை. தரத்தில் கை வைத்தால் சோதனையில் மாட்டிக்கொள்வார். டீசலில் ஒன்றும் செய்ய முடியாது. அமுக்கினால் அமுங்குகிற ஒரே இடம் அந்த முப்பது ரூபாய். மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற விதியை 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் நல்ல நோக்கத்தோடுதான் உறுதிப்படுத்தியது. வேண்டியவருக்கு வேலையைத் தூக்கிக் கொடுக்கும் பழக்கத்துக்கு அது கடிவாளம் போட்டது. அந்தக் கடிவாளத்தைக் கழற்றச் சொல்லவில்லை. கூலிப் பகுதியை மதிப்பீட்டில் தனியாகப் பிரித்து, அதன் மேல் யாரும் குறைத்துப் போட முடியாது என்று ஆக்குங்கள் என்கிறேன். போட்டி போடட்டும்: திட்டமிடலில், இயந்திரத்தில், சரக்கு வாங்கும் சாமர்த்தியத்தில் போடட்டும். சித்தாளின் சம்பளத்தில் வேண்டாம்.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். ‘ஐயா, நம்ம ஊர்க் கொத்தனாருக்குக் குறைந்தபட்சக் கூலியை விட அதிகமாகவே கிடைக்கிறது. ஆள்தான் கிடைக்கவில்லை.’ உண்மை. அதனால்தான் வட்டாரத்தில் நிலவும் கூலி என்ற அளவுகோலைச் சொன்னேன். குறைந்தபட்சக் கூலியை மட்டும் எழுதிவைத்தால் அது வெளிமாநிலத்து ஆளுக்கு உச்சவரம்பாகிவிடும். உள்ளூர்க் கொத்தனாருக்கும் ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த கொத்தனாருக்கும் இடையே உள்ள கூலி வித்தியாசம்தான் இன்றைக்குப் பல வேலைகளில் லாபம். ‘வடக்கத்தி ஆள் வந்து நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டான்’ என்று டீக்கடையில் பேசுகிறோம். பிடுங்கியவன் அவன் அல்ல, அந்த வித்தியாசத்தைப் பையில் போட்டுக்கொள்கிறவர்.

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். 1927இல் நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் முன்னாள் படைவீரர்களுக்கு அரசு மருத்துவமனை கட்டினார்கள். டெண்டரை எடுத்தவர் தெற்கே அலபாமாவைச் சேர்ந்த ஒப்பந்தக்காரர். குறைந்த கூலிக்கு ஆட்களையும் அங்கிருந்தே அழைத்துவந்தார். அந்தத் தொகுதியின் உறுப்பினர் ராபர்ட் பேகன் கொதித்துப்போனார். அதிலிருந்து பிறந்தது 1931ஆம் ஆண்டின் டேவிஸ்-பேகன் சட்டம்: அரசு வேலையில் அந்த வட்டாரக் கூலிக்குக் குறையக் கூடாது. இன்றும் அமலில் இருக்கிறது. ஆனால் அந்தக் கொதிப்புக்குள் வேறு ஒன்றும் இருந்தது. அலபாமாவிலிருந்து வந்தவர்களில் கருப்பினத்தவர் பலர். அவர்களை வெளியே நிறுத்தும் வேலியாகவும் சிலர் அந்தச் சட்டத்தைப் பார்த்தார்கள். நியாயக் கூலி பேசுகிற ஒவ்வொருவரும் இந்தக் கறையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் எழுதுகிற விதி, வந்தவனை விரட்டுவதாக இருக்கக் கூடாது. ராஜபாளையத்துக்காரருக்கும் ராஞ்சிக்காரருக்கும் ஒரே கூலி, ஒரே தங்குமிட வசதி, ஒரே இழப்பீடு என்றால் போதும். பிறகு ஒப்பந்தக்காரர் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். திறமை பார்த்து வைப்பார்.

திறமை என்றதும் தொழிற்பழக்கத்துக்கு வந்துவிட்டேன்.

சிவகாசியில் இதைப் பற்றிப் பேசுவது எளிது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் வயிற்றுப்பாட்டுக்கு வழி தேடிப் போன இரண்டு இளைஞர்கள். தீப்பெட்டி, அதைத் தொடர்ந்து பட்டாசு, லேபிள் ஒட்ட வேண்டியிருந்ததால் அச்சு என்று மூன்று தொழில்கள் அந்தப் பயணத்திலிருந்து கிளைத்தன. ஒரு வட்டாரத்தின் நூறாண்டுப் பொருளாதாரமே இரண்டு பேர் தொழில் பழகப் போனதில் தொடங்கியது.

அதே சிவகாசியில் இதைப் பற்றிப் பேசுவது கடினமும்கூட. ‘சின்ன வயசிலேயே கை பழகணும்’ என்ற பேச்சுக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு. பழக்கம் என்ற பெயரில்தான் பிள்ளைகளைக் குச்சி அடுக்க உட்காரவைத்தோம். விடியுமுன் பஸ் வந்து கிராமங்களிலிருந்து அள்ளிக்கொண்டு போகும். சிவகாசியை மையமாக வைத்துத் தொடுக்கப்பட்ட எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், வீட்டிலுள்ள பெரியவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும் என்றது. ஆகவே நான் பழகுநர் என்று சொல்லும்போது பதினெட்டு நிரம்பியவரை மட்டுமே சொல்கிறேன். கட்டுமானத் தளத்தில் அதற்குக் கீழே ஒரு நாள்கூட இறங்கக் கூடாது.

1961ஆம் ஆண்டின் பழகுநர் சட்டம் காகிதத்தில் நன்றாகவே இருக்கிறது. முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனம், ஒப்பந்த ஆட்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, இரண்டரை முதல் பதினைந்து சதவீதம் வரை பழகுநர்களை வைத்தாக வேண்டும். ஆலைக்கு இது பொருந்துகிறது. ஆலை அதே இடத்தில் இருக்கும். கட்டுமானம் பதினெட்டு மாதத்தில் கலைந்துபோகும். ஆட்கள் நாலைந்து பேர் பெயரில் சிதறிக்கிடப்பார்கள். எந்தப் பெயரிலும் முப்பது வராது. உதவித்தொகையைப் பாருங்கள்: 2019 திருத்தப்படி ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் குறைந்தது 7,000 ரூபாய். இருபத்தாறு வேலை நாளால் வகுத்தால் நாளுக்கு 269. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு அறிவித்த கூலியே 336. கண்மாயில் மண் அள்ளினால் கிடைப்பதைவிடக் குறைவான பணத்துக்கு எந்தப் பையன் வெயிலில் செங்கல் கட்டப் பழகுவான்? அதனால்தான் பிட்டர், எலக்ட்ரீஷியன் பிரிவுகளுக்கு ஓடுகிற கூட்டம் கொத்தனார் பிரிவுப் பக்கம் திரும்புவதில்லை. பையன்கள் மேல் குறையில்லை.

எனக்கு எப்போதும் வயிற்றெரிச்சல் கிளப்புகிற விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலேயே சிங்கப்பூர் கட்டட ஆணையத்தின் திறன் தேர்வுக்கான மையங்கள் இருக்கின்றன. சிவகங்கைப் பக்கத்துப் பையனும் புதுக்கோட்டைப் பையனும் கடன் வாங்கிப் பணம் கட்டி, மாதக் கணக்கில் அங்கே தங்கி, கம்பி கட்டவும் ஓடு பதிக்கவும் பழகித் தேர்வு எழுதிவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். தேர்ச்சி பெற்ற ஆளை மேல்நிலைத் தேர்ச்சிக்கு உயர்த்தினால் அவருக்காக முதலாளி கட்டும் வரியைச் சிங்கப்பூர் அரசு குறைக்கிறது. திறமைக்கு அங்கே விலை வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆளை அவர்கள் நடத்தும் விதத்தில் குறை சொல்ல நிறைய உண்டு, அது வேறு நாள் பேச்சு. ஆனால் சிங்கப்பூரின் அடுக்குமாடிக்குச் சான்றிதழ் காட்டுகிற இதே தமிழ்ப் பையனிடம், நம் மருத்துவமனைக்குக் கம்பி கட்டும்போது நாம் ஒன்றும் கேட்பதில்லை. கேட்டால் கற்றுத்தர வேண்டியிருக்கும் என்ற பயம் போலிருக்கிறது.

எனவே பழகுநரை ஒப்பந்தத்துக்குள்ளேயே எழுத வேண்டும். பத்துக் கோடிக்கு மேற்பட்ட வேலை என்றால் இத்தனை பழகுநர், இன்ன தொழில், இன்ன ஐ.டி.ஐ.யோடு சேர்ந்து என்று மதிப்பீட்டில் ஓர் இனமாகவே சேர்த்துவிடுங்கள். அவர்களுடைய உதவித்தொகையைச் சித்தாள் கூலிக்கு இணையாக அரசே அந்த இனத்தின் கீழ் தரட்டும். ஒப்பந்தக்காரருக்குச் செலவில்லை, ஆகவே ஏய்க்கக் காரணமில்லை. ஆனால் பழகுநர் வராத மாதத்தில் அந்த இனத்துக்குப் பில் இல்லை. கூட ஓர் அனுபவக் கொத்தனாருக்குச் சொல்லிக்கொடுப்பவர் என்ற பெயரும் அதற்கான படியும் தர வேண்டும். கரண்டியைக் கையில் கொடுத்துச் சுவரைக் காட்டிவிட்டுப் போனால் யாரும் கொத்தனார் ஆவதில்லை. ரசமட்டம் பார்ப்பதும் தூக்குக்குண்டு விடுவதும் யாராவது பக்கத்தில் நின்று திட்டித்தான் கைவரும். தளம் கலைந்தால் பழகுநர் அடுத்த அரசுத் தளத்துக்கு மாறிப்போகலாம் என்றும் எழுத வேண்டும். சாட்சியாபுரம் ரயில்வே மேம்பாலத்தில் சென்ட்ரிங் பழகத் தொடங்கியவர் இ.குமாரலிங்கபுரத்தில் வரப்போகும் ஜவுளிப் பூங்காவில் முடிக்கக் கூடாதா? ஆயிரத்து ஐம்பது ஏக்கர் சொச்சத்தில் அமையும் பூங்கா அது. சாலை, வடிகால், கொட்டகை, தண்ணீர்த் தொட்டி என்று பல ஆண்டு வேலை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். துறையின் விலைப்பட்டியலில் மஸ்தூர் முதல் வகை, இரண்டாம் வகை என்று இருக்கும். இரண்டாம் வகை என்றால் பெண் என்றுதான் தளத்தில் நாங்கள் புரிந்துகொள்வோம். சமவேலைக்குச் சம ஊதியச் சட்டம் 1976இல் வந்தது. பட்டியலின் காதில் அது விழவில்லை. ஆண் கையாள் மூன்று நான்கு ஆண்டில் கரண்டி பிடித்துவிடுவார். கலவைச் சட்டி தூக்க வந்த பெண் முட்டி தேயும்வரை சித்தாள்தான். இத்தனைக்கும் நம் வட்டாரத்துப் பெண்களின் விரல்களைப் போல நுணுக்க வேலை பழகிய விரல்கள் எங்கே இருக்கின்றன? சரவெடி பின்னிய கைகள் அவை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியத்தையும் தடை செய்த பிறகு ஆலைகள் மாதக் கணக்கில் மூடிக்கிடந்தன. அந்த மாதங்களில் ஓடு பதிக்கவோ மின்கம்பி இழுக்கவோ பழகும் வாய்ப்பு ஓர் அரசுத் தளத்தில் இருந்திருந்தால் எத்தனை பெண்கள் வந்திருப்பார்கள்! கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்களுக்குக் கொத்து வேலை பழக்கி வீடுகளையே கட்டவைத்திருக்கிறது. இங்கே பழகுநரில் பாதி பெண்கள் என்று விதி எழுதினால் வானம் இடிந்துவிடாது. கழிப்பறையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கொட்டகையும் தளத்தில் வேண்டியிருக்கும்; அவை சட்டப்படி ஏற்கெனவே இருந்திருக்க வேண்டியவை.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். இப்போது காமராசர் படித்த பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். க்ஷத்திரிய வித்யாசாலை 1889இல் இந்த ஊரில் தொடங்கியது. அரசு பணம் தரவில்லை. வீட்டுக்கு வீடு பிடி அரிசி, கடைக்குக் கடை மகமை. மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரி தானே பிடித்துப் பொதுவில் போட்ட காசில் பள்ளி நடந்தது. மகமை என்றால் என்னவென்று விருதுநகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

கட்டுமானத்திலும் ஒரு மகமை இருக்கிறது. கட்டடச் செலவில் ஒரு சதவீதம் நல வரி. 1996ஆம் ஆண்டின் சட்டம் நாடு முழுக்கக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அதற்கும் முன்னோடி. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் போராடிப் பெற்ற 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 1994 நவம்பர் 30ஆம் தேதியே இங்கே நல வாரியம் வந்துவிட்டது. பதினொரு மருத்துவக் கல்லூரிகளின் மதிப்பீட்டில் ஒரு சதவீதம் 40 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018 மார்ச்சில் நீதிபதி மதன் லோகூர் அளித்த தீர்ப்பு, நாடு முழுவதும் வசூலான 37,400 கோடிக்கு மேற்பட்ட தொகையில் சுமார் 9,500 கோடிதான் தொழிலாளருக்குப் போயிருக்கிறது என்று காட்டி, சில மாநிலங்களில் அந்தப் பணத்தில் மடிக்கணினியும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கியதைச் சுட்டி வேதனைப்பட்டது. தமிழ்நாட்டு வாரியம் திருமண உதவி, கல்வி உதவி, ஓய்வூதியம், விபத்து இழப்பீடு என்று தருகிறது. பலருக்கு அது உயிர்க்கயிறு. பயிற்சிக்கும் கொஞ்சம் செலவழிக்கிறது. ஆனால் ஜெர்மனியில் கட்டுமான முதலாளிகள் எல்லோரும் ஒரு பொது நிதிக்குப் பணம் கட்ட, பழகுநரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தச் செலவு அதிலிருந்து திரும்பி வருகிறது. நம்மிடம் நிதியும் உண்டு, தளமும் உண்டு. இரண்டையும் இணைக்கிற அந்த ஒரு விதி இல்லை.

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டன. ஒப்பந்தத் தொழிலாளர் விதிகள் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபது பேர் இருந்தாலே பொருந்தின. இப்போது ஐம்பது பேர் வேண்டும். சதுர அடி ரேட்டுக்குப் பிரித்துக் கொடுக்கிற நம் தளங்களில் ஒவ்வொருவர் கணக்கிலும் நாற்பத்தொன்பது பேர் இருப்பார்கள் என்று ஜோசியம் சொல்ல ஜோசியர் தேவையில்லை. சட்டம் இப்படி மெலிகிறபோது ஒப்பந்தத் தாளின் வேலை கூடுகிறது. ஐம்பது என்பது சட்டத்தின் வரம்பு. தன் வேலையில் ஓர் ஆள் இருந்தாலும் பதிவேட்டில் ஏற்று என்று நிபந்தனை எழுத அரசுத் துறையை யாரும் தடுக்கவில்லை.

இதில் சிலவற்றுக்கு அரசாணை வேண்டும். கூலியைப் பிரித்துப் பூட்டுவதற்கும், பழகுநர் இனத்தை விலைப்பட்டியலில் சேர்ப்பதற்கும் கோட்டையில் முடிவெடுக்க வேண்டும். ஆனால் கோட்டைக்குப் போகாமல் இங்கேயே செய்யக்கூடியவையும் உண்டு. வேலைத்தள வாசலில் வைக்கும் பெயர்ப் பலகையில் மதிப்பீடு, முடிக்கும் தேதி, ஒப்பந்தக்காரர் பெயர் எழுதுகிறோம். அதற்குக் கீழே இன்றைய கொத்தனார் கூலி, சித்தாள் கூலி, துணை ஒப்பந்தக்காரர்களின் பெயர்கள், புகார் சொல்லத் தொலைபேசி எண் ஆகியவற்றைத் தமிழிலும் இந்தியிலும் எழுதச் செலவு ஒரு டின் பெயிண்டு. நூறு நாள் வேலைக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் வருகைப் பதிவேட்டை ஊர் பார்க்கும்படி வைக்கச் சொன்னது. கிராமத்துப் பெண்கள் அதை விரல் வைத்துப் படித்துப் பழகியிருக்கிறார்கள். நூறு கோடி வேலைக்கு மட்டும் அந்தப் பதிவேடு ஏன் ரகசியம்? பில்லோடு வங்கி வழியாகக் கூலி போன பட்டியலை இணைத்தால்தான் அடுத்த தவணை என்று ஒரு நகராட்சியோ மாநகராட்சியோ தன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம்.

சிவகாசி மாநகராட்சியிலிருந்தும் விருதுநகர், அருப்புக்கோட்டை, சாத்தூர் நகராட்சிகளிலிருந்தும் வந்திருக்கும் மன்ற உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மன்றக் கூட்டத்துக்கு இந்த இரண்டு வரித் தீர்மானத்தைக் கொண்டுபோங்கள்: கூலிப் பலகை ஒன்று, பில்லோடு கூலிப் பட்டியல் ஒன்று. வரைவு எழுத ஆள் வேண்டுமென்றால் சொல்லி அனுப்புங்கள், வருகிறேன்.